வீடு வாங்கியாச்சு, மூலப் பத்திரம் எங்கே?

வாசகர் கேள்வி: வணக்கம் சார். போன மாதம் டெக்சாஸில் ஃபிரிஸ்கோ பக்கம் ஒரு வீடு வாங்கினேன். வீட்டு விற்பனையை முடித்துக்கொடுக்கும் டைட்டில் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்து கை வலிக்கக் கையெழுத்து போட்டேன், சாவியைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அப்புறம் மெயிலில் ஒரு பிடிஎஃப் வந்தது. அதில் கவுண்டி (நம் மாவட்டம் போல) முத்திரை மாதிரி ஒன்று, ஒரு நம்பர், தேதி, நேரம். 'டீட் எலக்ட்ரானிக்காகப் பதிவாகிவிட்டது' என்று ஒரு வரி; டீட் என்றால் கிரயப் பத்திரமாம். அந்த டீடில் என் கையெழுத்தே இல்லை. ஊரில் அப்பாவிடம் சொன்னால், "மூலப் பத்திரம் கையில் இல்லாமல் வீடு வாங்கினேன் என்கிறாயே, நாளைக்கு எவனாவது கம்ப்யூட்டரில் தட்டி அவன் பேருக்கு மாத்திக்கிட்டா என்ன பண்ணுவ?" என்கிறார். எனக்கும் பயம் வந்துவிட்டது. இதற்கு நடுவில் தபாலில் ஒரு கடிதம்: நூறு டாலர் பக்கம் கட்டினால் பத்திர நகல் அனுப்புவார்களாம். இன்னும் இரண்டு சந்தேகம். மனைவி பெயரை நானே ஆன்லைனில் சேர்க்க முடியுமா? ஊருக்குத் திரும்பிவிட்டால், அங்கிருந்தே கம்ப்யூட்டர் வழியாக வீட்டை விற்க முடியுமா?

பதில்:

முதலில் அப்பாவுக்குப் போன் போட்டு, வீடு உங்களுடையதுதான், பிடிஎஃப்பும் சரியானதுதான் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் அவர் கேட்ட கேள்வியைக் கிழவர் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். அவர் வாழ்ந்த ஊரில் அது நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. அங்கே நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவான பத்திரம் இல்லாமல் விற்க முடியாது; 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, பதிய வேண்டிய பத்திரத்தைப் பதியாமல் விட்டால் அது சொத்தையே தொடாது. சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு நேரில் போய், போட்டோவும் கைரேகையும் கொடுத்து, இரண்டு சாட்சியோடு நின்றால்தான் வேலை நடக்கும். பேங்க் கடன் தருவதும் பெரும்பாலும் அந்த மூலப் பத்திரத்தை வாங்கித் தன் லாக்கரில் வைத்துக்கொண்டுதான். முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவேன் என்று தமிழ்நாட்டில் 2022இல் ஒரு விதியே கொண்டுவந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அது செல்லாது என்று சொன்னது. இப்படி ஒரு உலகத்திலிருந்து பார்க்கிறவருக்கு, மெயிலில் வந்த பிடிஎஃப் பத்திரமாகத் தெரியாதது ஆச்சரியமில்லை.

டெக்சாஸில் கதை வேறு. விற்பவர் நோட்டரி முன்னால் டீடில் கையெழுத்துப் போட்டு அதை உங்களிடம், அல்லது உங்களுக்காக டைட்டில் கம்பெனியிடம், ஒப்படைத்த நேரத்திலேயே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. வாங்குபவர் டீடில் கையெழுத்துப் போடும் வழக்கமே இல்லை, அதனால்தான் உங்கள் கையெழுத்து அதில் இல்லை. நீங்கள் கை வலிக்கப் போட்டதெல்லாம் கடன் பத்திரமான நோட், அந்தக் கடனுக்கு வீட்டை ஈடு வைக்கும் டீட் ஆஃப் டிரஸ்ட், அப்புறம் ஒரு கட்டு அறிவிப்புகள். பதிவே செய்யாமல் டீடை அலமாரியில் போட்டு வைத்திருந்தாலும் உங்களுக்கும் விற்றவருக்கும் நடுவில் அது செல்லும், அவர் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். அப்படியென்றால் எதற்குப் பதிவு? மூன்றாவது ஆளுக்காக. அதே வீட்டை விற்றவர் மறுநாள் இன்னொருவருக்கும் விற்று, அந்த ஆளுக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாமல் உண்மையாகவே பணம் கொடுத்திருந்தால், உங்கள் டீட் பதிவாகவில்லை என்பதால் நீங்கள் தோற்றுப்போகலாம். பதிவாகிவிட்டால், அதைப் பார்த்தானோ பார்க்கவில்லையோ, ஊர் உலகத்துக்கே தெரியும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் மற்ற பயமெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. கவுண்டி கிளர்க் ஆபீஸ் என்பது ஊர் பார்க்க ஒரு பேரேட்டை வைத்திருக்கிற இடம். வருகிற பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறதா, நோட்டரி சான்று இருக்கிறதா, கட்டணம் கட்டியாச்சா, வாங்குபவரின் தபால் முகவரி இருக்கிறதா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா என்று விசாரிக்க மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை. (நம் ஊர் சப்-ரெஜிஸ்ட்ராரும் உங்களுக்கு உரிமை உண்டு என்று உத்தரவாதம் தருவதில்லை. வரிசையில் நின்று கைரேகை வைத்த களைப்பில் நமக்கு அப்படி ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது.) எலக்ட்ரானிக் பதிவு வந்ததால் மாறியது, பத்திரம் கிளர்க்கிடம் போய்ச் சேரும் வழி மட்டும். கிளர்க்கின் வேலையும் மாறவில்லை, பதிவுக்குச் சட்டம் கொடுக்கும் அர்த்தமும் மாறவில்லை.

உங்கள் பத்திரம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். விற்றவர் மையில் கையெழுத்துப் போட்ட டீடை டைட்டில் கம்பெனி ஸ்கேன் செய்து, யார் விற்றது, யார் வாங்கியது, எந்த மனை என்ற விவரங்களையும் அதோடு சேர்த்து, இதற்கென்றே இருக்கிற ஒரு தனியார் நிறுவனத்தின் தளம் வழியாகக் கவுண்டிக்கு அனுப்பியிருக்கும். கிளர்க் ஆபீஸில் ஒரு மனிதர்தான் அதைத் திரையில் திறந்து பார்ப்பார். சரியாக இருந்தால் கட்டணம் பேங்க் கணக்கிலிருந்து தானாகப் போகும், பத்திர எண்ணும் தேதியும் நேரமும் படத்தின் மேல் பதிந்து, அதே படம் டைட்டில் கம்பெனிக்குத் திரும்பி வரும். நீங்கள் முத்திரை மாதிரி என்று எழுதியது அதைத்தான், அது முத்திரை மாதிரி இல்லை, முத்திரையேதான். கையெழுத்து, நோட்டரி எல்லாமே முதலிலிருந்து எலக்ட்ரானிக்காக நடக்கும் முழு டிஜிட்டல் பத்திரங்களும் உண்டு. ஆனால் நம் ஆட்கள் கையில் வருவது பெரும்பாலும் உங்களுடையது மாதிரி, காகிதத்தில் பிறந்து படமாகப் போனவைதான்.

முன்பு இதே டீட் தபாலிலோ கூரியரிலோ கவுண்டிக்குப் போய், மூட்டையில் கிடந்து, முறை வந்து பதிவாக நாட்கள் ஆகும், வாரங்கள்கூட ஆகும். அந்த இடைவெளிதான் ஆபத்தான காலம். பணம் கைமாறியிருக்கும், பேரேட்டில் மட்டும் பழைய ஆள் பெயர். அந்த நேரத்தில் விற்றவர் மேல் ஒரு கோர்ட் தீர்ப்புக் கடன் பதிவானால் தேவையில்லாத தலைவலி. இப்போது காலையில் அனுப்பினால் மதியத்துக்குள் பதிவாகிறது. தப்பு இருந்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும்: நோட்டரி முத்திரை மங்கல், ஒரு பக்கம் விட்டுப்போச்சு, முகவரி இல்லை என்று காரணம் எழுதித் திருப்பி அனுப்புவார்கள், சரிசெய்து மறுபடி அனுப்பலாம். முன்பெல்லாம் அந்தத் திருப்பி அனுப்பிய உறை எந்த மேசையில் கிடக்கிறது என்று தேடுவதே ஒரு வேலை.

ஃபிரிஸ்கோ என்றதால் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஊர் காலின், டென்டன் என்று இரண்டு கவுண்டிகளில் விழுகிறது. டீட் எந்தக் கவுண்டியில் நிலம் இருக்கிறதோ அங்கே பதிவானால்தான் அந்த 'உலகத்துக்கே தெரியும்' பலன் கிடைக்கும். திரையில் ஒரு பட்டியலிலிருந்து கவுண்டியைத் தேர்ந்தெடுப்பதில் கை நழுவுவது சுலபம். உங்கள் பிடிஎஃப்பில் இருக்கும் கவுண்டி பெயரும், சொத்து வரி நோட்டீஸில் இருக்கும் கவுண்டி பெயரும் ஒன்றுதானா என்று இன்றைக்கே பாருங்கள்.

எலக்ட்ரானிக் பதிவுக்கு ஏன் தனிச் சட்டம் தேவைப்பட்டது என்று சிலர் கேட்பார்கள். எலக்ட்ரானிக் கையெழுத்து செல்லும் என்று அமெரிக்க மத்திய சட்டம் 2000த்திலேயே வந்துவிட்டது. ஆனால் பதிவு என்பது மாநிலச் சட்டம், நடத்துவது கவுண்டி. நியூ இங்கிலாந்தில் கனெக்டிகட், வெர்மான்ட் மாதிரி இடங்களில் அதையும் தாண்டி அந்தந்த டவுன். நாடு முழுக்க இப்படி 3,600 பக்கம் பதிவு ஆபீஸ்கள். பழைய மாநிலச் சட்டங்களிலோ 'அசல்', 'காகிதம்', 'மை' என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் செல்லும், சரி, ஆனால் அதன் படத்தை வாங்கிப் பேரேட்டில் ஏற்ற எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கிளர்க்குகள் தயங்கினார்கள். நாளைக்கு அந்தப் பதிவு செல்லாது என்று எவராவது வழக்குப் போட்டால் ஒரு வீட்டோடு போகாது, ஆயிரக்கணக்கான வீடுகள் தொங்கும். அதனால் மாநிலங்களுக்குப் பொதுவான மாதிரிச் சட்டம் எழுதும் ஆணையம் 2004இல் ஒன்றை எழுதிக் கொடுத்தது, டெக்சாஸ் 2005இல் அதைச் சொத்துச் சட்டத் தொகுப்பின் 15ஆம் அத்தியாயமாக எடுத்துக்கொண்டது. அசல் வேண்டும் என்று எங்கே எழுதியிருந்தாலும் எலக்ட்ரானிக் பத்திரம் அதை நிறைவேற்றும், மையில் கையெழுத்து வேண்டும் என்ற இடத்தில் எலக்ட்ரானிக் கையெழுத்து போதும், நோட்டரியின் ரப்பர் ஸ்டாம்ப் படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இதுதான் சாரம்.

எனக்கு அந்தச் சட்டத்தில் பிடித்தது, அது கவுண்டிகளைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது. 'ஏற்றுக்கொள்ளலாம்' என்றுதான் எழுதியிருக்கிறது. டெக்சாஸின் 254 கவுண்டிகளில் டாலஸ், ஹாரிஸ் மாதிரி பெரியதும் உண்டு, மொத்த ஜனத்தொகையே நம் ஊர் தெரு ஒன்றில் அடங்கிவிடுகிற கவுண்டியும் உண்டு, எல்லோரும் ஒரே நாளில் மாற முடியாது. ஆனால் ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தால் இரண்டு நிபந்தனை: காகிதத்தில் வருவதையும் தொடர்ந்து வாங்க வேண்டும், இரண்டையும் ஒரே அட்டவணையில் ஏற்ற வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை சின்னதாகத் தெரிந்தாலும் அதுதான் உயிர். காகிதத்துக்கு ஒன்று, எலக்ட்ரானிக்குக்கு ஒன்று என்று தேட வேண்டியிருந்தால் தேடுபவன் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை மறந்துவிடுவான். எலக்ட்ரானிக் பதிவுக்கான தொழில்நுட்ப விதிகளை டெக்சாஸில் வகுப்பது யார் தெரியுமா? மாநில நூலக, ஆவணக் காப்பக ஆணையம். நூலகத்துறைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். நூறு வருஷம் கழித்தும் படிக்க முடிகிற மாதிரி ஆவணத்தை வைத்திருப்பது யார் பிழைப்போ அவர்களிடம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, மூலப் பத்திரம். மையில் கையெழுத்திட்ட அந்தக் காகிதம் டைட்டில் கம்பெனியிடம் இருக்கும், கேட்டால் அனுப்புவார்கள். அப்பாவுக்காகவாவது கேட்டு வாங்கி வையுங்கள். ஆனால் அது தொலைந்தாலும் உங்கள் உரிமைக்கு ஒன்றும் ஆகாது. கவுண்டி கிளர்க் சான்றளித்துத் தரும் நகலை எந்தக் கோர்ட்டும் ஏற்கும். உங்கள் பேங்க்குக்கும் அந்தக் காகிதம் வேண்டாம். அவர்கள் பிடி, பேரேட்டில் பதிவான டீட் ஆஃப் டிரஸ்டில் இருக்கிறது. அசல் யாரிடம் இருக்கிறது என்று இந்த ஊரில் அடித்துக்கொள்கிற காகிதம் ஒன்று உண்டென்றால் அது நீங்கள் கையெழுத்துப் போட்ட நோட். அதைப் பத்திரமாக வைப்பது கடன் கொடுத்தவன் கவலை. கடன் முடிந்ததும் ஈட்டை விடுவித்த பத்திரம் பேரேட்டில் ஏறிவிட்டதா என்று பார்ப்பது மட்டும் உங்கள் கவலை. அதைப் பார்க்காமல் விட்டு, வீட்டை விற்கும்போது, எப்போதோ அடைத்த கடன் இன்னும் நிலுவையாகத் தெரிகிறதே என்று தவிப்பவர்கள் நம் ஆட்களில் நிறைய.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் தமிழர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் இந்தப் பேரேட்டில் வேறில்லை என்பேன்: பெயர். தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று எடுக்க வேண்டுமென்றால் சர்வே நம்பரைப் போட்டுத் தேடுகிறோம். இங்கே கவுண்டியின் அட்டவணையில் அடிப்படை ஆட்கள்தான்: விற்றவர் பெயர் ஒரு பக்கம், வாங்கியவர் பெயர் ஒரு பக்கம், அதுவும் குடும்பப் பெயர் வரிசையில். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. பேச்சுக்கு ஒருவர் பெயர் செந்தில்குமார், அப்பா பெயர் ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) ஆகி, முழுப் பெயரும் குடும்பப் பெயராகிவிடும். டிரைவிங் லைசென்ஸில் வேறு மாதிரி பிரித்திருப்பார்கள். ஆபீஸில் ஆர். செந்தில்குமார். கடன் விண்ணப்பத்தில் ராமசாமி செந்தில்குமார், அவசரத்தில் 'குமார்' தனியாகப் பிரிந்து அதுவே குடும்பப் பெயராகிவிட்டாலும் கேட்க ஆளில்லை. டீடில் ஒன்று, டீட் ஆஃப் டிரஸ்டில் ஒன்று என்று ஆகிவிட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாக அட்டவணையில் உட்கார்ந்திருப்பார். காகிதக் காலத்தில் ஒரு கிளர்க் பக்கத்தைப் புரட்டும்போது கண்ணில் பட வாய்ப்பு இருந்தது. கம்ப்யூட்டர் எழுத்துக்கு எழுத்து பார்க்கும், நீங்கள் தட்டியது இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடும்.

அதனால் கவுண்டி கிளர்க்கின் இணையதளத்துக்குப் போய் உங்கள் பெயரைத் தேடுங்கள். பெரிய கவுண்டிகளில் தேடுவதற்குப் பணம் இல்லை, படத்தையும் பார்க்கலாம், குறுக்கே 'அதிகாரப்பூர்வமற்ற நகல்' என்று எழுதியிருக்கும். உங்கள் பெயர் எப்படி ஏறியிருக்கிறது, மனை விவரம், அதாவது லாட், பிளாக், சப்டிவிஷன் பெயர், சரியா என்று பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் டைட்டில் கம்பெனியிடம் இப்போதே சொல்லித் திருத்தப் பத்திரம் போடச் சொல்லுங்கள். விற்றவர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சுலபமாக நடக்கும் வேலை இது, பத்து வருஷம் கழித்து அந்த பில்டர் கம்பெனி இருக்குமோ இருக்காதோ. பத்திரத்தின் தலையில் பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு இருக்கும்: சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ டிரைவிங் லைசென்ஸ் எண்ணையோ பதிவுக்கு முன் அடித்துவிடலாம் என்று. யாரும் படிப்பதில்லை. உலகத்தில் எங்கிருந்தும் திறந்து பார்க்கக்கூடிய படம் இது, அதில் அந்த எண்கள் இருக்கக் கூடாது.

மோசடி பயத்துக்கு வருகிறேன். "எவனாவது கம்ப்யூட்டரில் தட்டி" என்று அப்பா சொன்னது அப்படியே நடக்காது. டெக்சாஸில் யார் எலக்ட்ரானிக்காகப் பதிவுக்கு அனுப்பலாம் என்பதற்கு உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பின் 195ஆம் அத்தியாயத்தில் ஒரு பட்டியலே உண்டு: வக்கீல்கள், பேங்க்குகள், கடன் நிறுவனங்கள், டைட்டில் கம்பெனிகள், அரசுத் துறைகள், இப்படி. தெருவில் போகிறவன் கணக்குத் திறந்து அனுப்ப முடியாது, அனுப்பியவர் யார் என்ற தடமும் இருக்கும். மோசடிக்காரனுக்குச் சுலபமான வழி பழைய வழிதான்: கள்ளக் கையெழுத்து, கள்ள நோட்டரி முத்திரை, காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் கவுண்டரில் நீட்டுவது. பார்க்கச் சரியாக இருந்தால் கிளர்க் அதை வாங்கித்தான் ஆக வேண்டும். சந்தேகம் வந்தால் பத்திரத்தில் பெயர் இருப்பவருக்குத் தகவல் அனுப்பச் சட்டம் சொல்கிறது, அது எப்போதும் உதவும் என்று நம்பி உட்கார முடியாது. போலிக் கையெழுத்து டீட் வெறும் காகிதம், பேரேட்டில் ஏறினாலும் அதனால் உரிமை மாறாது, உங்களிடமிருந்து வீடு போகாது. ஆனால் அதை நீக்கக் கோர்ட்டுக்குப் போக வேண்டும், அதற்குள் விற்கவோ மறுகடன் வாங்கவோ முடியாது. இதில் அதிகம் அடிபடுவது ஆள் குடியிருக்காத, கடன் இல்லாத சொத்துகள், முக்கியமாகக் காலி மனைகள். நீங்கள் குடியிருந்துகொண்டு கடனும் கட்டுகிற வீட்டை எவனும் முதலில் தேர்ந்தெடுக்க மாட்டான். ஊருக்குப் போகும் யோசனையில் டாலஸுக்கு வெளியே ஒரு மனை வாங்கிப் போட்டிருப்பவர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது சுலபம், இலவசமும்கூட. உங்கள் பெயரில் எந்தப் பத்திரம் பதிவானாலும் மெயில் அனுப்பும் எச்சரிக்கைச் சேவை பெரும்பாலான பெரிய கவுண்டிகளில் உண்டு. அதில் பெயரைப் பதியும்போது மேலே சொன்ன எல்லா வடிவத்தையும் கொடுங்கள், முன்னும் பின்னும் மாற்றியும் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது வீண். வீட்டு உரிமைக்குப் பூட்டுப் போடுகிறோம் என்று மாதச் சந்தா கேட்கும் விளம்பரங்கள் ரேடியோவில் வரும். அவர்களால் ஒரு பத்திரம் பதிவாவதைத் தடுக்க முடியாது, பதிவானதும் சொல்வார்கள், அதைத்தான் கவுண்டி சும்மா செய்கிறது. உண்மையான பாதுகாப்பு நீங்கள் குளோசிங்கில், அதாவது கையெழுத்துப் போட்ட அன்று, வாங்கிய ஓனர்ஸ் டைட்டில் பாலிசி, உரிமையில் குறை வந்தால் உங்களுக்கான காப்பீடு. வாங்கினீர்கள்தானே? பேங்க்குக்காக எடுத்த பாலிசி பேங்க்கை மட்டும்தான் காக்கும், உங்களுடையது தனி. பாலிசி பொதுவாக வாங்கிய நாள்வரை இருந்த குறைகளுக்குத்தான், அதற்குப் பிறகு நடக்கும் மோசடிக்கு எவ்வளவு கை கொடுக்கும் என்பது எந்தப் படிவம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. எடுத்துப் படியுங்கள்.

அந்த நூறு டாலர் கடிதத்தைக் குப்பையில் போடுங்கள். உங்கள் பத்திரம் பதிவானதைப் பார்த்து, அதே பொதுப் பேரேட்டிலிருந்து முகவரி எடுத்து, அரசாங்கக் கடிதம் மாதிரி தோற்றத்தில் அனுப்புகிறார்கள். கீழே பொடி எழுத்தில் 'இது அரசு நிறுவனம் அல்ல' என்று இருக்கும். கவுண்டியில் நகல் பக்கத்துக்கு ஒரு டாலர், சான்றளிக்க ஐந்து டாலர். குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் வரிச் சலுகைக்கு விண்ணப்பித்துத் தருகிறோம் என்றும் இதே மாதிரி ஒரு கடிதம் வரும், அதையும் வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் நீங்களே இலவசமாகச் செய்யலாம்.

மனைவி பெயர். நீங்களே எலக்ட்ரானிக்காக அனுப்ப முடியாது, காரணம் அந்தப் பட்டியல். வக்கீல் மூலம் அனுப்பலாம், அல்லது நீங்கள் கையெழுத்திட்டு நோட்டரி செய்த டீடைக் காகிதமாகக் கவுண்டரிலோ தபாலிலோ கொடுக்கலாம். அதற்கு முன் அவசரமா என்று யோசியுங்கள். டெக்சாஸில் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய வீடு யார் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் பொதுச் சொத்து என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், குடியிருக்கும் வீட்டை மனைவி கையெழுத்து இல்லாமல் நீங்கள் விற்கவும் முடியாது. பெயர் சேர்த்தால் பேங்க் முழுக் கடனையும் உடனே கேட்குமோ என்று பலருக்குப் பயம். குடியிருக்கும் வீட்டில் மனைவியோ கணவனோ உரிமையாளராவதற்கு 1982ஆம் ஆண்டு மத்திய சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. சேர்ப்பதென்று முடிவு செய்தால் இணையத்தில் கிடைக்கும் க்விட்கிளைம் படிவத்தை, அதாவது உரிமைக்கு எந்த உத்தரவாதமும் தராமல் விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை, மட்டும் தொடாதீர்கள். டெக்சாஸ் டைட்டில் கம்பெனிகளுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது, விற்கும்போது இழுத்தடிப்பார்கள். ஒரு வக்கீலுக்குச் சில நூறு டாலர் கொடுத்து உரிமைக்கு உத்தரவாதம் தரும் முறையான வாரண்டி டீட் எழுதி வாங்குங்கள், டைட்டில் பாலிசி அதனால் பாதிக்கப்படுமா என்றும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

ஊரிலிருந்து விற்பது. முடியும், ஆனால் நீங்கள் வாங்கிய மாதிரி இல்லை, ஏனென்றால் இப்போது டீடில் கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கள். 2018 ஜூலையிலிருந்து டெக்சாஸ் நோட்டரி வீடியோவில் உங்களைப் பார்த்தே சான்றளிக்கலாம். நோட்டரி டெக்சாஸ் மண்ணில் உட்கார்ந்திருக்க வேண்டும், நீங்கள் எங்கே இருந்தாலும் சட்டத்துக்குப் பிரச்சினை இல்லை. நடைமுறையில் உங்களை அடையாளம் காண உங்கள் பழைய முகவரி, கடன் வரலாறு என்று கேள்வி கேட்பார்கள், அமெரிக்காவில் சில வருஷம் இருந்தவருக்கு அது கஷ்டமில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து போடும் வீடியோ கையெழுத்தை ஏற்பதா என்பது அந்த டைட்டில் கம்பெனியின் முடிவு, முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒத்துவரவில்லை என்றால் சென்னை ஜெமினி பாலத்துப் பக்கம் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கி அங்கே நோட்டரி செய்யலாம், அல்லது உள்ளூர் நோட்டரியிடம் போட்டு, அது வெளிநாட்டில் செல்ல அரசு தரும் சான்றான அப்போஸ்டில் வாங்கலாம். அதற்குள் கிரீன் கார்டும் இல்லாமல் வரிக் கணக்கில் வெளிநாட்டவராக ஆகியிருந்தால் விற்பனை விலையில் 15 சதவீதம் வரை பிடித்தம் செய்வார்கள் என்பதையும் உங்கள் ஆடிட்டரிடம் பேசி வையுங்கள்.

பவர் கொடுத்து மனைவியோ நண்பரோ இங்கே கையெழுத்துப் போடுவதாக இருந்தால், அந்தப் பவர் பத்திரமும் அதே கவுண்டியில் பதிவாக வேண்டும், அதை வைத்துக் கையெழுத்திட்ட டீட் பதிவான 30 நாளுக்குள். பொதுவாக டைட்டில் கம்பெனி இரண்டையும் ஒன்றாகவே அனுப்பிவிடும், ஆனால் பவரின் வாசகத்தைக் கிளம்புவதற்கு முன்பே அவர்களிடம் காட்டிச் சரி வாங்கிவிடுங்கள்; பவரில் உங்கள் பெயர் டீடில் இருக்கிறபடியே, அதே எழுத்தில், அதே வரிசையில் இருக்கட்டும்.